வேளாண் அலுவலர்களுக்குப் பண்ணைப் பாதுகாப்புப் பயிற்சி: எதைச் சொல்லித் தருவது, எப்படிச் சொல்லித் தருவது?

விரிவாக்க அலுவலர்கள், பண்ணை மேலாளர்கள், கால்நடை உதவியாளர்கள் என்று 30 பேருக்கு இரண்டு நாள் பண்ணைப் பாதுகாப்பு, உடல்நலப் பயிற்சி நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. எந்தெந்தத் தலைப்புகளை வைப்பது, தலைப்புக்கு ஒரு மணி நேரம் போதுமா, ஸ்லைடுகள் தயாரித்துவிட்டால் சரியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக இந்தப் பயிற்சிகளை நடத்தி வருகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதைச் சம்பிரதாயத்துக்கு நடத்தும் பயிற்சியாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். சுரங்கம், கட்டுமானம் இவற்றோடு சேர்த்து உலகின் மிக ஆபத்தான மூன்று தொழில்களில் ஒன்றாக விவசாயத்தை வைக்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பு. ஆண்டுக்குக் குறைந்தது 1,70,000 விவசாயத் தொழிலாளர்கள் வேலையில் இறக்கிறார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. அந்த அமைப்பு 2001இல் கொண்டுவந்த 184ஆம் உடன்படிக்கை விவசாயப் பாதுகாப்புக்கென்றே உருவானது. தொழிலாளியின் கல்வித் தகுதியையும் மொழியையும் கணக்கில் எடுத்து, அவருக்குப் புரியும்படி பயிற்சி தருவது முதலாளியின் கடமை என்கிறது அது. கண்ணெதிரே ஆபத்து தெரிந்தால் வேலையை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றும் சொல்கிறது. இந்த இரண்டையும் முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள். விலகலாம் என்று தெரியாமல் நின்றவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், பயிற்சி நடத்துகிறவர்களுக்குக் கேட்க வருத்தமாக இருக்கும் ஒரு விஷயம். விவசாய விபத்துகளைத் தடுக்க எது உதவுகிறது என்று உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2008இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. வெறும் வகுப்புகளாலும் அறிவுரைகளாலும் காயங்கள் குறைந்தன என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. விபத்தில்லாத பண்ணைக்குக் காப்பீட்டு பிரீமியத்தில் தள்ளுபடி கொடுத்த பின்லாந்துத் திட்டம் பலன் தந்தது. இலங்கையில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தடை செய்தது உயிர்களைக் காப்பாற்றியது. ஸ்வீடனில் 1959 முதல் புது டிராக்டர்கள் எல்லாவற்றிலும் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம், அதாவது வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகம், கட்டாயம் ஆனது. அந்த விதி படிப்படியாகப் பழைய வண்டிகளுக்கும் விரிய, டிராக்டர் கவிழ்ந்து இறப்பது அங்கே மிக அபூர்வமாகிவிட்டது. அங்கெல்லாம் மனிதர்கள் திடீரென்று அதிகக் கவனசாலிகள் ஆகிவிடவில்லை. இரும்பு மாறியது, மருந்து மாறியது.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். ஆனால் உங்கள் முன்னால் உட்காரப் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். எந்த இயந்திரம் வாங்குவது, எந்தப் பூச்சிமருந்தைப் பரிந்துரைப்பது, எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர்கள், அல்லது அந்த முடிவில் ஒரு சொல் சொல்லக்கூடியவர்கள். ஆகவே “கவனமாக இருங்கள்” என்ற வாக்கியத்தை உங்கள் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஆபத்துக்கும் ஐந்து கேள்விகளை இதே வரிசையில் கேட்கப் பழக்குங்கள்: இந்த வேலையே தேவையா, இதைவிடக் குறைந்த ஆபத்துள்ள வழி உண்டா, மூடியோ தடுப்போ போட முடியுமா, வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் மாற்ற முடியுமா, இவ்வளவும் பார்த்த பிறகு கையுறையும் முகமூடியும் எவை. நம்மில் பெரும்பாலோர் ஐந்தாவதில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறோம்.

தலைப்புக்கு ஒரு மணி நேரம் என்று சமமாகப் பிரிக்காதீர்கள். ஆளைக் கொல்லும் ஆபத்துகளுக்குப் பாதி நேரத்தைக் கொடுங்கள். டிராக்டர், பி.டி.ஓ. தண்டு (டிராக்டர் இன்ஜினின் சக்தியை மற்ற இயந்திரத்துக்குக் கடத்தும் சுழல்தண்டு), பூச்சிமருந்து, விஷவாயுக் குழிகள், வெயில் ஆகியவை அவை. அந்தப் பாதியில் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே நடக்கட்டும்.

டிராக்டர் பக்கவாட்டில் சாய்வதை எல்லாரும் அறிவார்கள். பின்பக்கமாகத் தூக்கியடிப்பது பலருக்குத் தெரியாது. சேற்றில் சக்கரம் சிக்கி நிற்கிறது, ஓட்டுநர் கியரைப் போட்டுக் கிளட்சைப் பட்டென்று விடுகிறார். சக்கரம் சுழல முடியாததால் வண்டியின் உடல் பின் அச்சைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கிறது. முன்பக்கம் மேலே எழுகிறது. சுமார் முக்கால் விநாடியில் திரும்ப முடியாத புள்ளியைத் தாண்டிவிடுகிறது. ஒன்றரை விநாடியில் ஸ்டியரிங் தரையில். நடப்பது என்ன என்று மூளைக்கு எட்டிக் கால் கிளட்சைத் தேடுவதற்குள்ளேயே அந்த முக்கால் விநாடி போய்விடும். இழுக்க வேண்டிய பாரத்தை டிராபாரில் (பாரம் மாட்டுவதற்கென்று டிராக்டரின் பின்னால் தாழ்வாக உள்ள இரும்புப் பட்டை) மாட்டாமல் அதற்கு மேலே அச்சிலோ வேறு எங்கோ சங்கிலி போட்டு மாட்டினாலும் இதேதான் நடக்கும். ஆகவே “எச்சரிக்கையாக ஓட்டு” என்று சொல்வதில் பயனில்லை. டிராபாரில் மட்டும் மாட்டு, பாதுகாப்புச் சட்டகம் உள்ள வண்டியை வாங்கு, சட்டகம் இருந்தால் பெல்ட் போடு. சட்டகம் இல்லாத பழைய வண்டியிலும், மடக்கு வகைச் சட்டகத்தை மடக்கி வைத்திருக்கும்போதும் பெல்ட் போடக் கூடாது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மாணவர்கள்தான் இதில் தவறு செய்கிறார்கள். மட்கார்டில் இன்னொருவரை, அதிலும் குழந்தையை உட்காரவைப்பது பற்றி ஒரு நிமிடம் நின்று பேசுங்கள். ஒரு இருக்கை என்றால் ஒரு ஆள்.

பி.டி.ஓ. தண்டைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் வேண்டும். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. துணியின் ஒரு நூல் மாட்டினால்கூட விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உள்ளே இழுக்கும். மனிதனின் கை ஒரு மீட்டருக்கும் குறைவு. பழைய முழுக்கைச் சட்டை ஒன்றில் வைக்கோலைத் திணித்துக் கழியில் கட்டி, அதன் தொங்கும் கைநுனி தண்டைத் தொடும்படி ஒரு தாங்கியில் நிறுத்தி வையுங்கள். அனைவரையும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு, இருக்கையில் ஒருவர் இருந்தபடி இன்ஜினைக் குறைந்த வேகத்தில் வைத்து பி.டி.ஓ.வைப் போடச் சொல்லுங்கள். சட்டை போன இடம் தெரியாது. தண்டைச் சுற்றிக் கந்தல் இறுகிக் கிடக்கும், கழி முறிந்திருக்கும். அந்த அமைதியில்தான் “மூடி எங்கே?” என்று கேட்க வேண்டும். பிளாஸ்டிக் உறையைக் கையால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு. உறை தண்டிலிருந்து விலகித் தனியாகச் சுற்ற வேண்டும். ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றினால் அது உறை இல்லாததற்குச் சமம். சுற்றும் தண்டைத் தாண்டிக் கடப்பது, அடைப்பெடுக்க ஓடும் இயந்திரத்தில் கைவிடுவது இரண்டுக்கும் ஒரே விதிதான்: நிறுத்து, சாவியைச் சட்டைப் பையில் போடு, சுற்றுவது நிற்கும்வரை காத்திரு, பிறகு தொடு.

பூச்சிமருந்துக்கு வருவோம். மூக்கு வழியாகத்தான் விஷம் ஏறுகிறது என்று பலரும் நினைப்பதால் வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். தெளிப்பவரின் உடலுக்குள் போவதில் பெரும்பகுதி தோல் வழியாகத்தான் போகிறது. எல்லாத் தோலும் ஒன்றல்ல: முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றி சுமார் 4 மடங்கு, பிறப்புறுப்புப் பகுதி சுமார் 12 மடங்கு உறிஞ்சும் என்று பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்துச் செய்த அளவீடுகள் சொல்கின்றன. கால்சட்டை முன்பக்கம் நனைய நடப்பவர்களுக்கும், கைகழுவாமல் சிறுநீர் கழிக்கப் போகிறவர்களுக்கும் இந்த ஒரு எண் போதும்.

இதைக் கண்ணால் காட்டுவதற்கு ஒளிரும் சாயம் போல ஒன்றில்லை. ஒரு பயிற்சியில், 20 வருடம் மருந்தடித்துப் பழகிய ஒருவர் தானாக முன்வந்தார். முதுகுத் தெளிப்பானில் வெறும் தண்ணீரும் தீங்கில்லாத சாயமும்தான். வழக்கம்போலக் கலக்கினார், கையுறை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் அடித்தார், நாசில் ஒருமுறை அடைத்தது, சரிசெய்தார். பிறகு இருட்டறைக்குள் போய்ப் புற ஊதா விளக்கைப் போட்டோம். மூடி சரியாக இறுகாத டேங்கிலிருந்து வழிந்தது முதுகு முழுக்க நீலமாக மின்னியது. கழுத்தின் பின்புறம், காதுமடல், கைப்பேசி, கால்சட்டை முன்பக்கம் எல்லாம் மின்னின. கையுறையைக் கழற்றச் சொன்னோம். விரல் இடுக்குகள் வெளியே இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தன. நாசிலைச் சரிசெய்ய கையுறையைக் கழற்றியிருக்கிறார், வெறுங்கையால் துடைத்திருக்கிறார், ஈரக்கையை மறுபடி உள்ளே விட்டிருக்கிறார். அவர் தன் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தத் தோளில்தான் பிள்ளையைத் தூக்கிப்போட்டுக்கொள்வேன்” என்றார். அதற்கு மேல் அன்று நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் சொல்லித் தர வேண்டிய நுணுக்கங்கள் நிறைய. அடர்மருந்தை ஊற்றிக் கலக்கும் சில நிமிடங்கள்தான் முழுநாளிலும் ஆபத்தானவை. கண்ணாடியும் ஏப்ரனும் அப்போது கட்டாயம். தோல் கையுறையும் துணிக் கையுறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வேண்டும். தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது. நாசிலை வாயால் ஊதக் கூடாது. காலி டப்பாவை மும்முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவைத் துளையிட வேண்டும்; இல்லையென்றால் யாரோ அதில் தண்ணீர் பிடிப்பார்கள். மருந்தடித்த வயலுக்குள் எத்தனை மணி நேரம் போகக் கூடாது என்பது லேபிளில் இருக்கும், அதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பட்டம் பெற்றவர்களே லேபிளின் சிறிய எழுத்தை வாசித்ததில்லை என்பது அப்போது தெரியவரும்.

நச்சு ஏறினால் முதலில் செய்ய வேண்டியதை ஒத்திகையாகவே செய்யுங்கள். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகளில் கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கும், எச்சில் வழியும், வியர்க்கும், வாந்தியும் பேதியும் வரும், தசை துடிக்கும், மூச்சுத் திணறும். வெயில் மயக்கத்திலும் வியர்வையும் வாந்தியும் உண்டு, ஆனால் கண்மணி சுருங்காது. அந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் பதிய வையுங்கள். ஆளை அப்புறப்படுத்தி, நனைந்த உடையை முழுவதும் கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவி, லேபிளோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவுகிறவர் கையுறை போட்டிருக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அங்கே மாற்றுமருந்தாக அட்ரோபின் தருவார்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் நேரம் மிச்சம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மாற்றுமருந்தே கிடையாது. அதைப் பரிந்துரைக்கும் நிலையில் உள்ளவர்கள் வகுப்பில் இருந்தால், வேறு வழி உண்டா என்ற கேள்வியை அங்கேயே கேளுங்கள்.

அடுத்து குழி. சாணக்குழி, எரிவாயுக் கலன், கழிவுத் தொட்டி எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லாரும் படித்திருப்பார்கள். அந்த நாற்றத்தை நம்பித்தான் செத்துப்போகிறார்கள். ஏறக்குறைய 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைப்பார்கள். 1,000 பி.பி.எம். என்றால் ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். மேலே படிந்த ஏட்டைக் கிளறும்போது அடைபட்ட வாயு மொத்தமாக எழும். உள்ளே விழுந்த ஒருவரைத் தூக்க இன்னொருவர், அவரைத் தூக்க மூன்றாமவர் என்று ஒரே குடும்பத்தில் மூன்று நான்கு பேர் போய்விடுவது இதில்தான். இத்தகைய மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இலேயே எழுதியது.

ஆகவே விளக்கத்துக்கு முன்பே ஒத்திகையை வையுங்கள். தரையில் சுண்ணாம்பால் ஒரு சதுரம் போட்டு, “இது சாணக்குழி, உங்களோடு வேலை செய்பவர் இதில் விழுந்துவிட்டார்” என்று ஒரு பொம்மையைப் போட்டுக் கத்துங்கள். யாராவது இருவர் உள்ளே ஓடுவார்கள், நான் நடத்திய எல்லா இடத்திலும் ஓடியிருக்கிறார்கள். அவர்களை அங்கேயே உட்காரவைத்துவிட்டு மற்றவர்களிடம், “இப்போது குழியில் மூன்று பேர், அடுத்து என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். ஓடியவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம், அன்பால்தான் ஓடினார்கள். ஆனால் வெளியே நின்று உதவிக்குக் கூப்பிடுவது, ஊதுவிசிறியால் காற்றைச் செலுத்துவது, முன்கூட்டியே கட்டிய கயிறும் இடுப்புப்பட்டையும் இல்லாமல் யாரையும் இறக்காமலிருப்பது, காற்றுக்கலனோடு வரும் மீட்புக்குழுவுக்காகக் காத்திருப்பது, இதெல்லாம் அந்த நொடியில் யோசித்து வருவதில்லை. பழகினால்தான் வரும்.

தானியக் கிடங்கிலும் இதே கதைதான், வாயுவுக்குப் பதில் தானியம். கீழே தானியம் இறங்கிக்கொண்டிருக்கும்போது மேலே நிற்பவர் 4, 5 விநாடிகளில் காலை எடுக்க முடியாத நிலைக்குப் போய்விடுவார். சுமார் 20 விநாடிகளில் தலை மறையும். பாதி புதைந்தவரைக் கயிறு கட்டி இழுத்தால் வரமாட்டார், உடம்புதான் சேதமாகும்; சுற்றித் தடுப்பு வைத்து உள்ளிருக்கும் தானியத்தை அள்ள வேண்டும். சைலேஜ் (நொதிக்க வைத்த பசுந்தீவனம்) நிரப்பிய சைலோ என்ற சேமிப்புக் கலனில் முதல் மூன்று வாரங்களுக்கு நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கும், முதல் சில நாட்கள் மிக மோசம். மஞ்சள் கலந்த பழுப்புப் புகை, பிளீச்சிங் வாடை. அதைச் சுவாசித்தவர் அன்று நன்றாக இருந்தாலும் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெயிலில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள்: வெப்பத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் புதிதாக வந்த முதல் சில நாட்களில்தான் இறக்கிறார்கள். புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டுவது என்று நியோஷ் பரிந்துரைக்கிறது. 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கிறதோ இல்லையோ. பேச்சு குழறினால், ஆள் புத்தி தடுமாறினால் அது வெப்பத்தாக்கம். முதலில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிர்வியுங்கள், வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடம், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்களுக்கே, சிறுநீரகம் செயலிழப்பது கண்டறியப்பட்ட பிறகு தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் சலுகையாகப் பார்க்க முடியாது.

மெதுவாகக் கெடுக்கும் நோய்களுக்கு இரண்டாம் நாளில் ஒரு அமர்வு போதும். பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கையாண்ட 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் வந்தால் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாமல், காலையில் என்ன வேலை செய்தேன் என்பதை மருத்துவரிடம் சொல்லப் பழக்குங்கள். நோயாளியின் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இலேயே சக மருத்துவர்களுக்கு எழுதினார். இன்றும் பலர் கேட்பதில்லை, ஆகவே நாமாகத்தான் சொல்ல வேண்டும். கன்று ஈன உதவும்போதும் நஞ்சுக்கொடி எடுக்கும்போதும் நீளக் கையுறை, தேங்கிய நீரில் இறங்கியபின் வரும் காய்ச்சலுக்கு எலிக்காய்ச்சல் சோதனை, எல்லாருக்கும் டெட்டனஸ் தடுப்பூசி. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதைக் கெடுக்கிறது.

மனநலத்தை மட்டும் அவசரமாகக் கடக்காதீர்கள். கடனும் விளைச்சலும் வானிலையும் சேர்ந்து அழுத்தும்போது, கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருப்பது ஒரு நிமிட வேதனையை மரணமாக்கிவிடுகிறது. இலங்கையில் 1995இல் மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகளையும் 1998இல் எண்டோசல்பானையும் நிறுத்திய பிறகு, அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை விகிதமே ஏறக்குறைய பாதியானது. அந்த நிமிடத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். மருந்தைப் பூட்டி வைப்பது பாதுகாப்புப் பாடம் மட்டுமல்ல. சோர்ந்து தெரியும் ஒருவரிடம் “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள், சொல்லிப் பழகாதவர்களுக்கு அந்த வாக்கியம் வாயில் வராது.

எப்படிச் சொல்லித் தருவது என்ற பாதிக்கு என்னிடம் உள்ள நல்ல பதில் வியட்நாமில் இருந்து வந்தது. 1990களின் நடுவில் கான்தோ பகுதியில் விண்ட் என்ற பயிற்சிமுறை உருவானது. அதில் குறை தேடுவதில்லை. விவசாயிகள் ஒரு சரிபார்ப்புப் பட்டியலோடு அக்கம்பக்கத்துப் பண்ணைகளைச் சுற்றிப் பார்ப்பார்கள், யாரோ ஏற்கெனவே செய்திருக்கும் நல்ல ஏற்பாட்டைப் படம் எடுத்து வருவார்கள், அதைப் பார்த்துத் தங்கள் இடத்தில் குறைந்த செலவில் என்ன மாற்றலாம் என்று தாங்களே முடிவு செய்வார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் செய்திருக்கிறார் என்பது எந்த நிபுணர் சொல்வதையும்விட வலுவானது. நீங்களும் பயிற்சிக்கு முந்தைய வாரம் பக்கத்துப் பண்ணைகளில் இப்படி 20 படமாவது எடுத்துவிடுங்கள். ஸ்லைடுகள் வேண்டுமென்றால் அவைதான் ஸ்லைடுகள்.

இன்னும் சில. சாகுபடி மும்முரத்தில் நடத்தாதீர்கள், அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பாதுகாப்பு உடைகளைக் கொண்டுவந்தால் பெண்களுக்கான அளவுகளிலும் கொண்டுவாருங்கள். தொளதொள என்று தொங்கும் கையுறை இயந்திரத்தருகே புது ஆபத்து. “மயிரிழையில் தப்பிய ஒன்றைச் சொல்லுங்கள்” என்று முதல் அரைமணி நேரத்தைக் கொடுங்கள், யாரையும் குற்றம் சொல்வதில்லை என்ற உறுதியோடு. அந்த அரைமணி நேரத்தில் வருவது எந்தப் பாடத்திலும் இருக்காது.

கடைசி அமர்வில் சான்றிதழ் கொடுப்பதற்கு முன், ஒவ்வொருவரும் தன் இடத்தில் 30 நாட்களுக்குள் மாற்றப்போகும் ஒரே ஒரு பொருளை எழுதித் தரட்டும். “விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்” என்றால் திருப்பிக் கொடுங்கள். “கதிரடிக்கும் இயந்திரத்தின் பி.டி.ஓ. உறையை மாற்றுவேன்” என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். தேர்வு மதிப்பெண்ணைக் கேட்க வேண்டாம். இன்ஜினை நிறுத்தச் சொல்லி, குனிந்து, அந்த உறை தனியாகச் சுற்றுகிறதா என்று கையால் திருப்பிப் பாருங்கள்.